ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். பிரஷர் பார்ப்பதில் என்னை ஏமாற்ற ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அதை ஓவர்லாக் டெய்லர் சரசக்கா உடைத்தார்.

ஒரு நாள் காலை, லைன் சூப்பர்வைசர் குமார் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். நெஞ்சை அழுத்துகிறது, தலை வெடிக்கிறது என்றார். கருவியைக் கட்டினேன். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பதினாறு. இன்னொரு முறை கட்டிப் பார்த்தேன்; அதேதான்.

"மாத்திரை போடறீங்கல்லக்கா?"

"போடறனுங்க சிஸ்டர்."

மாதா மாதம் இதே கேள்வி, இதே பதில். இந்த முறை அவர் பையை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குக் கொடுத்த அட்டையில் நான்கு மாத்திரைதான் குறைந்திருந்தது.

"ஞாயித்துக்கெழமைன்னா போட்டுக்கறனுங்க. அதப் போட்டா ஒண்ணுக்கு வந்துட்டே இருக்குது. லைன்ல நாம எந்திரிச்சா பீஸ் குவிஞ்சு போகுமுங்க. குமாரு கத்துவான்."

தண்ணீரும் குடிப்பதில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? நேராக மேனேஜரிடம் போனேன்.

"நாளைக்குச் சரக்கு கன்டெய்னர்ல ஏறணுமுங்க சிஸ்டர். ஒரு மாத்திரையக் குடுத்து உக்கார வைங்க."

"அந்தம்மா மெஷின் மேலயே சாஞ்சு விழுந்தா யாருங்க பதில் சொல்றது? வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை. ஆனால் இதயச் சுவர் தடிக்க ஆரம்பித்திருந்தது. "பிரஷர் இவ்வளவு ஏறி நின்னா இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாத்தையும் அரிச்சுரும்மா. வாரத்துக்கு ஒண்ணு போடறது போடாததுக்குச் சமம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை காலு விழுந்திருக்கும்" என்றார் டாக்டர். சரசக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில்தான் அவர் குடும்பமே ஓடியது. இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் லைன் லைனாகப் போய், பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களிடம் கேட்டேன். "மாத்திரை போடறீங்களா" என்றல்ல, "நேத்து எத்தன மணிக்குப் போட்டீங்க?" என்று. அந்த ஒரு தளத்திலேயே ஏழு பேர் முழித்தார்கள். சாயங்காலம் குமார் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்து சட்டைக் கையை மடித்தான்.

"நம்முளுதும் ஞாயித்துக்கெழமைதானுங்க சிஸ்டர்."

அடப்பாவி, கத்துகிறவனும் அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறான்! அவனோடு சேர்த்து எட்டுப் பேரின் பிரஷர் அளவையும் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். யாராவது எழுந்தால் அந்த மெஷினில் சூப்பர்வைசர் உட்கார வேண்டும் என்று பேசி முடித்தேன்.

கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு வந்த பதிலை நம்பியது என் தப்பு. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

பத்து நாள் விடுப்பு முடிந்து சரசக்கா வந்தபோது நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. அடுத்த கன்டெய்னருக்கு லைன் பறந்துகொண்டிருந்த நேரம். பாதிப் பீஸில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். சுற்றி இருந்தவர்கள் தைப்பதை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"குமாரு கண்ணு, பாத்ரூம் போய்ட்டு வாரேன். வந்து உக்காரு."

"சரீங்கக்கா" என்று குமார் வந்து உட்கார்ந்தான்.