பதினாறு பவுண்டுக்காரர்

பந்தின் மூன்று துளைகளிலும் ஒவ்வொன்றாக ஊதிவிட்டு, காது வைத்துக் கேட்பார். உள்ளேயிருந்து யாரோ பதில் சொன்னதுபோல் தலையாட்டிக்கொள்வார். அதன் பிறகுதான் எழுந்து உருட்டுவார். எப்போதும் கடைசித் தடம், எப்போதும் தனியாக.

கட்டை சாய்க்கும் அந்த பௌலிங் கூடத்தில் இருப்பதிலேயே கனமானது பதினாறு பவுண்டுப் பந்து. அவரைத் தவிர யாரும் அதைச் சீண்டுவதில்லை. அதனால் அவருக்குப் பெயரே ‘பதினாறு’. அவர் உருட்டினால் பந்து போய்ச் சேருமுன்பே பத்துக் கட்டைகளும் மயங்கி விழுமாம். பக்கத்துக் கடையில் முட்டைகளை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் அடுக்குவார்களாம். இதில் பாதியாவது உண்மை. எந்தப் பாதி என்று மட்டும் கேட்கக் கூடாது.

தொழில், துணி துவைக்கும் மெஷின்களைப் பழுதுபார்ப்பது. மெஷினின் வயிற்றைத் தட்டி, “எங்கடா வலிக்குது? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்” என்று விசாரிப்பார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சில்லை. மனைவி போன பிறகு வீட்டில் சத்தம் என்று ஒன்று இல்லை. சாயங்காலம் இரண்டே இரண்டு சட்டைகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டு, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்.

மாடிப்படியில் ஒரு மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கியதில் தோள்மூட்டு பிசகியது. “பத்து பவுண்டுக்கு மேல தூக்குனீங்கன்னா, அடுத்த தடவை கையத் தனியா ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க” என்றுவிட்டார் டாக்டர்.

கூடத்தில் பத்து பவுண்டுப் பந்து ரோஜா நிறம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பதினாறு’ போய்விட்டால் தன்னை யார், என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதுதான் அவரை அரித்தது. அவரைக் கூப்பிட ஆள் இருந்த இடம் அது ஒன்றுதான். பல வாரம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

கடைசியில் கூடம் ஈயோட்டும் ஒரு மத்தியானமாகப் பார்த்துப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, ஒரு முக்கு முக்கி, மலையைப் பெயர்ப்பதுபோல் ரோஜாப் பந்தைத் தூக்கினார். நடிப்பில் குறையில்லை. இலேசுப் பந்தின் துளைகள் பிள்ளைகளின் விரலுக்கு அளவெடுத்தவை என்பதைத்தான் மறந்துவிட்டார். கட்டைவிரல் போனது, திரும்பி வரவில்லை. உதறினார், திருகினார். பந்து அசையக் காணோம்.

ஷூ வாடகைக்குத் தரும் அம்மாள் கவுன்டருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பதினாறு, பந்தைக் கையோட வீட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களா?”

“சும்மா பார்த்தேம்மா. பேத்திக்குச் சரியா இருக்குமான்னு...”

“இல்லாத பேத்திக்கு எதுக்குங்க பந்து? இங்க கொண்டாங்க.”

சோப்பு நுரையை விரலைச் சுற்றித் தடவி, மெதுவாகத் திருகினாள்.

“இத்தனை வாரமா எங்க போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடைசித் தடத்தை வேற யாருக்கும் குடுக்காம, கேக்குறவங்களுக்கெல்லாம் ரிப்பேருன்னு புளுகிப் புளுகி எனக்கு நாக்கே தேஞ்சு போச்சு.”

அவர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோள் போச்சும்மா. இனிமே பதினாறெல்லாம் ஆகாது.”

“அப்ப பத்துன்னு கூப்பிட்டாப் போச்சு. வயசும் கொறைஞ்ச மாதிரி இருக்கும்.”

‘ப்ளக்’ என்று விரல் வெளியே வந்தது. அவள் கவுன்டர் மேல் ஒரு துண்டை விரித்து, அதில் அவருடைய கையை வைத்துத் துடைத்துவிட்டு, பெரிய துளையுள்ள பந்து ஏதாவது இருக்கிறதா என்று தேடக் கீழே குனிந்தாள்.

அவள் நிமிர்ந்தபோது, துடைத்து முடித்த அவருடைய கை, இன்னொரு தடவை துடைக்கட்டும் என்பதுபோல் விரல்களை விரித்தபடி இன்னும் துண்டின் மேலேயே இருந்தது.