ரோல்ஸ் தின்கிற நேரம்

ரொறன்ரோவில் எங்கள் சனத்திடம் தனி ஆவர்த்தனம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ரீ குடிக்கிற நேரம் என்று சொல்லும். தொண்ணூறுகளில் அப்படித்தான் சொன்னது, இப்போதும் வேறொன்றும் சொல்லப்போவதில்லை.

நான் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், ஆறுதலாக. பாட்டுக்காரரும் வயலின்காரரும் ஓய்ந்துவிட, மிருதங்கக்காரன் தன் மனதில் எழும்புவதை அந்த இடத்திலேயே கட்டித் தனியாக வாசிக்கிற நேரம் அது. இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை, காது போதும். எங்கள் சனம் காதைத் தோடு போடுவதற்கு மட்டும் வைத்திருக்கிறது.

என் மகன் மிருதங்கக்காரன். கிழமை நாட்களில் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் பெட்டிகளுக்குத் திருகாணி முடுக்குவான். சனி ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்கு வாசிப்பான். கோடை வந்துவிட்டால் ஏதாவதொரு பள்ளிக்கூட மண்டபத்தில் யாராவது ஒரு பிள்ளை அரங்கேறும். கலியாண வீடு தோற்றுப்போகும். பாட்டு அரங்கேற்றத்துக்கு இடைவேளையில் சேலை எதற்கு மாற்றுகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். “வீடியோவுக்கு அன்ரி” என்றார்கள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த அரங்கேற்றங்களில் பேச்சை வெட்டமாட்டார்கள். பொன்னாடையை வெட்டமாட்டார்கள். நேரம் போய்விட்டது என்றால் வெட்டுவது என் மகனுடைய தனியைத்தான். அவனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ஒரு சனிக்கிழமை, காருக்குள் மிருதங்கத்தைப் போர்வையால் சுற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்.

“அம்மா, இண்டைக்கும் தனியை வெட்டினால் இதுதான் கடைசி. இனி இதைத் தூக்கிக்கொண்டு திரியமாட்டன்.”

“உன்ரை விருப்பம்” என்றேன். சொன்னேனே தவிர, போர்வையின் நுனியை நானே இன்னொருமுறை இழுத்துச் செருகினேன். அவன் சொன்னால் செய்கிறவன்.

அன்றைக்கு அரங்கேறிய பிள்ளையின் தகப்பன் வீடு விற்கிற புரோக்கர். ஒத்திகைக்கு மகனோடு நானும் அவர்களுடைய வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா. அந்தப் பிள்ளை கற்பனைச் சுரம் பாடும். பெயர்தான் கற்பனை. எல்லாம் பாட்டு ரீச்சர் சொல்லிக்கொடுத்துப் பாடமாக்கினது. முதல் ஒத்திகையில் எந்த இடத்தில் தலையை ஆட்டிச் சிரித்ததோ, கடைசி ஒத்திகையிலும் அதே இடத்தில்தான் ஆட்டிச் சிரித்தது. பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சிரிப்பையும் பாடமாக்கிக் கொடுத்த பெரியவர்களைத்தான் சொல்கிறேன்.

மண்டபத்தில் மகன் மிருதங்கத்தின் இடது பக்கத்துத் தோலில் சத்தம் கனக்க ரவை அப்பிக்கொண்டிருந்தான், நான் வீட்டில் குழைத்துக் கொடுத்த ரவை. புரோக்கர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

“தம்பி, தனியை மூண்டு நிமிசத்தில முடிச்சுவிடும் என்ன. ஹோலைப் பத்து மணிக்கு விடவேணும்.”

“பேச்சு எத்தினை பேர் அண்ணை?”

“ஏழு பேர். அதைக் குறைக்கேலாது தம்பி, அவையள் கோவிப்பினம்.”

“நான் கோவிக்கமாட்டனோ?”

“நீர் எங்கடை ஆள்தானே!” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

ஏழு பேரும் பேசினார்கள். ஒருவர் மிருதங்கத்தை மத்தளம் என்றார். இன்னொருவர் தான் எப்படிக் கனடாவுக்கு வந்தவர் என்பதைச் சொல்லி முடிக்கவே மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பிறகு பெரிய பாட்டு வந்தது, பாடமாக்கின கற்பனையும் வந்துபோனது. மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் முன்வரிசையில் இருந்து தொடையில் கையை வைத்தேன், தாளம் போட.

அறிவிப்பாளர் அம்மா மைக்கைப் பிடித்தார். “இப்பொழுது தனி ஆவர்த்தனம். வெளியே சூடான ரோல்ஸும் தேநீரும் தயாராக இருக்கின்றன.”

ஒரே மூச்சில் சொன்னார். உட்கார்ந்திருந்த கதிரைகள் படபடவென்று மடிந்தன. சனம் எழும்பிய வேகத்தைப் பார்த்தால் ஏதோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். பேச்சாளர்கள் ஏழு பேரும்தான் எல்லாருக்கும் முன்னால் வாசலுக்கு ஓடினார்கள்.

மேடையிலும் அதே கதைதான். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிள்ளை பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் சுடுதண்ணீர் வார்த்தது. தனி என்றால் இவர்களுக்கும் ஓய்வுதானே.

மகன் என்னைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். அவன் முகத்தைக் கண்டதும் எழும்பிவிடப்போகிறான் என்றே நினைத்தேன். எழும்பவில்லை. சின்னதாக ஒரு மிருதங்கச் சொல் எடுத்து, அதை மூன்று தரம் அடித்துத் தனியை முடித்துவிட்டான். மூன்று நிமிடம் கேட்டவருக்கு அரை நிமிடம்கூட இல்லை.

முடிந்த இடத்தில் பிள்ளை பாட்டை எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் வாயில் இருந்தது. அவசரமாக விழுங்கியதில் புரைக்கேறி இருமத் தொடங்கியது. வயலின்காரர் கையில் கண்ணாடியோடு வில்லைத் தேடினார். மேடையில் பக்கத்தில் இருந்து தாளம் போட்ட ரீச்சர் தாளத்தை விட்டுவிட்டார். மேடையில் இருமல் மட்டும் கேட்டது.

வாசலில் நின்ற சனம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. புரோக்கர் கையில் ரோல்ஸோடு நடுவழியால் ஓடிவந்தார்.

“தம்பி, வாசியும்! வாசியும்!”

மகன் மைக்குக்கு எட்டாமல் குனிந்தான். “மூண்டு நிமிசம் எண்டனீங்கள்.”

“அதை விடும் தம்பி. பிள்ளைக்குச் சரிவரட்டும். வீடியோ ஓடுது!”

“பிறகு நிப்பாட்டச் சொல்லப்படாது.”

“சொல்லமாட்டன்!”

வாசித்தான். ஒத்திகையில் வாசித்தது ஒன்றும் அதில் இல்லை. முதலில் சும்மா கதைப்பதுபோல மெதுவாக நடந்தான், பிறகு அந்த நடையை உடைத்து வேறு நடைக்குப் போனான். இடது பக்கத்தை விரலால் அழுத்தி இழுத்தபோது ஹோலின் நிலமே முனகுவதுபோல இருந்தது. பிள்ளையின் இருமல் எப்போதோ நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. புரோக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. ரோல்ஸ் கையோடு நின்றவர்கள் கடிக்க மறந்து நின்றார்கள். ரசித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஏதோ பிழை நடந்துவிட்டது, அதைப் பார்க்கவேண்டும் என்று நின்றவர்கள். அப்படியாவது நிற்கட்டும். என் கை தாளம் தவறவில்லை.

அவன் முடித்தபோது பிள்ளை சரியான இடத்தில் எடுத்தது. அந்தப் பின்னேரம் முழுவதிலும் அது பாடமாக்காமல் பாடியது அந்த ஒரு வரிதான், நன்றாகவே இருந்தது.

நன்றியுரையில் புரோக்கர் ரோல்ஸ் செய்தவருக்கு நன்றி சொன்னார், ஹோல் காவல்காரருக்குச் சொன்னார், வீடியோக்காரருக்கு இரண்டுதரம் சொன்னார். பக்கவாத்தியத்தை மறந்துபோனார். நான் எதிர்பார்க்கவுமில்லை.

காருக்குள் மகன் மிருதங்கத்தைப் போர்வையால் சுற்றினான். நான் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு வீதியைப் பார்த்தேன். ஏதாவது கேட்டால், வரும்போது சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்துவிடும் என்று பயம்.

“வாற சனி ஒஷாவாவில ஒரு அரங்கேற்றம் இருக்கம்மா” என்றான்.

“தனி விடுவினமோ?”

“பாட்டுக்காரப் பிள்ளைக்கு ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கிக்கொண்டு போவம்” என்றான்.