பாதி முகம் சிவந்தது

அன்று கண் சோதனை அறையில் ஐந்து பேர் இருந்தோம்: கண் டொக்டர், மருந்து விடும் நர்ஸ் மிஸ்ஸி, என் மனைவி, அவளுடைய தம்பி, நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டொக்டருக்கு முன்னால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எப்போதும் தடுமாற்றம்தான்.

அரிசி மில்லில் நெல் அவிப்பது என் வேலை. இரண்டு மாதமாகச் சூட்டில் நின்றால் முகத்தின் இடது பாதி மட்டும் சிவந்து வேர்த்தது. வலது பாதி வெளிறிக் காய்ந்து கிடந்தது. வலது இமையும் சற்றுத் தொங்கிவிட்டது.

"காக்கா, இந்தப் பக்கம் புது மாப்பிள்ள, அந்தப் பக்கம் மையத்து," என்றான் மில்லில் என்னைவிட இளையவன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். மையத்து, பிணம் என்ற அந்தச் சொல் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

கண்ணுக்கு வரும் நரம்பு நெஞ்சு வழியாகக் கழுத்தில் ஏறி வருவதாகவும், நெஞ்சில் கட்டி இருந்தாலும் இப்படி ஆகலாம் என்றும் டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். நரம்பு பழுதா என்று அறிய முதலில் கண்ணில் துளி மருந்து விட்டுப் பார்க்க வேண்டுமாம். இருபது வருடம் சிகரட் குடித்தவனுக்கு அதற்குப் பிறகு தூக்கம் எங்கே?

சோதனை நாள் வெள்ளிக்கிழமை. "ரெண்டு கண்ணும் ஒரே மாதிரித் தெரியட்டும்," என்று மனைவி காலையிலேயே தொங்கிய கண்ணில் சுர்மா மையை அழுத்திப் போட்டுவிட்டாள். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

"கண்ணுக்குள்ள ஏதும் போட்டீங்களா?"

"இல்ல டொக்டர்."

மிஸ்ஸி பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுத்தது.

"மச்சான், பஞ்சு பொய் சொல்லாது," என்றான் மனைவியின் தம்பி.

டொக்டர் ஏசவில்லை. "சுர்மா எரிஞ்சி கண்ணீர் வந்தா மருந்து கழுவுப்பட்டுப் போகும். திங்கள் வாங்க. ஒண்டும் போடாதீங்க."

அந்த மூன்று நாளும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நீராவிக்கு முன்னால் முகத்தைக் காட்டிக் காட்டிச் சிவப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

திங்களன்று இரண்டு கண்ணிலும் மருந்து விட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் வலது கண்ணில் சுருங்கியிருந்த பாவை விரிந்தது. இமையும் மேலே போனது.

"அல்ஹம்துலில்லாஹ், சுகமாயிட்டு," என்றாள் மனைவி.

"சுகமில்ல தங்கச்சி," என்றார் டொக்டர். "நரம்பு பழுதெண்டாத்தான் இந்த மருந்துக்கு இப்பிடித் திறக்கும். இனி நெஞ்ச ஸ்கேன் பண்ணணும்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் திகதி கிடைத்தது. என்னால் ஒரு கிழமைகூட இருக்க முடியவில்லை. தனியாரிடம் போவதற்கு மனைவியின் தம்பிதான் முப்பத்தெட்டாயிரம் கடன் தந்தான்.

ஸ்கேனில் கட்டி இல்லை. ஏன் வந்ததென்றும் தெரியவில்லை. முகம் இன்னும் பாதிதான் சிவக்கிறது, நானும் இன்னும் கண்ணாடி பார்க்கிறேன். மச்சானுக்குப் பதினைந்தாயிரம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதி இருபத்து மூவாயிரம் ரூபாய்.