அழக்கூடாத கிழமை

முதலில் என்னைவிட்டுப் போனவை உரத்த சுரங்கள் அல்ல, மெதுவானவை. கோப்பன்ஹேகனில் ஒரு சிறு அரங்கில் ஒத்திகை நடந்தது. பாட்டின் கடைசி வரியைத் தணித்துப் பாட வேண்டும். வாயைத் திறந்தேன், காற்று வந்தது, ஒலி வரவில்லை. கீபோர்ட் வாசிக்கும் மெத்தே விரல்களைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "தடிமன்" என்றேன். சளியும் இல்லை, தடிமனும் இல்லையென்று எனக்குத் தெரியும்.

நான் சோல், பொப் பாடல்கள் பாடுகிறவள்; டெனிஷிலும் ஆங்கிலத்திலும். கோப்பன்ஹேகனின் புறநகரான ஹ்விடோவ்ரேயில் பள்ளிக்கூடப் பாடற்குழுவில் தொடங்கி, இளைஞர் மன்றம், மதுச்சாலை மேடைகள் என்று ஏறி, ஒரு பாட்டு வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். கோடையில் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்ய இருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். சிறுமியாக இருந்தபோதே அம்மாவுக்காகக் கொம்யூனில் (நகராட்சி அலுவலகம்) பேசியிருக்கிறேன். இந்த வீட்டின் வாய் நான்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

அம்மாவுக்கு என் பாட்டைப் பற்றி வேறு கருத்து. "செத்தவீட்டிலை கத்துறமாதிரிக் கத்துறாள். வெள்ளைக்காரர் அதுக்குக் கை தட்டுறாங்கள்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

அந்த ஆண்டு இலங்கையில், வன்னியில் போர் இறுகியது. திருமணமாகி அங்கேயே இருந்துவிட்ட என் அக்காவின் தொலைபேசி தை மாதத்தோடு நின்றுபோனது. போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் நம்மவர்கள் சதுக்கத்தில் கூடினார்கள். டெனிஷ் சுலோகங்களைப் பிழையில்லாமல் சொல்ல ஆள் வேண்டுமென்று ஒலிபெருக்கியை என்னிடம் தந்தார்கள்.

"உன்ரை தொண்டை இதுக்காவது உதவட்டும்" என்றார் அம்மா.

பகலில் குளிர்காற்றில் கத்தினேன், மாலையில் மேடையில் பாடினேன். குரல் கரகரத்தது. இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் இஞ்சியை நம்பியிருக்காதீர்கள்.

மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டுப் பார்த்தார். குரல்நாண்களில் (தொண்டைக்குள் மூச்சுப் பட்டு அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) ஒன்றின் ஓரத்தில் பொலிப் (சிறு சதைமுண்டு) இருந்தது. திரையில் அது ஒரு மாதுளை முத்துப்போலத் தெரிந்தது.

"வெட்டி எடுத்துவிடலாம். பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், முழு மௌனம். கிசுகிசுப்பதும் கூடாது, செருமுவதும் கூடாது."

"அதற்குப் பிறகு முன்போலப் பாடுவேனா?"

"மௌனமாக இருந்தால் வாய்ப்பு நல்லது. புண் ஆறுமுன் குரலை வற்புறுத்தினால் தழும்பு விழலாம். தழும்பு சரியாக அதிராது." பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தவர்போலச் சொன்னார்: "விம்மி அழவும் வேண்டாம்."

நான் அழுகிறவள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சத்திரசிகிச்சை வைகாசியில் நடந்தது. அந்தக் கிழமையில்தான் போர் முடிந்தது.

எங்கள் சிறிய வீடு ஆட்களால் நிறைந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா நிலத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்து அழுதார். நான் கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கால் மெல்ல மூச்சு விட்டபடி இருந்தேன். தொண்டைக்குள் அழுகை வந்து முட்டும். தண்ணீரை விழுங்கி அதை இறக்குவேன்.

"உவள் ஏன் கல்லுமாதிரி இருக்கிறாள்?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "படிச்ச பிள்ளையளுக்கு அழவும் வெக்கமோ?"

"அவளை அழக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டா" என்றார் அம்மா, அழுகைக்கு நடுவே.

"என்ன நாடப்பா இது! அழுறதுக்கும் டொக்டரிட்டைக் கேக்கோணுமோ?" என்றார் மாமா. ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

மெத்தேயிடம் எழுதிக் காட்டிப் பேசலாம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பசியையும் நோவையும் கையால் காட்டினேன். வேறெதையும் காட்ட முடியவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியே பூட்டப்பட்டிருந்தோம்.

அம்மா துப்புரவு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"அம்மா? நான்தான். கேக்குதோ?" அக்காவின் குரல். "பிள்ளையளும் நானும் உயிரோடை இருக்கிறம். முகாமிலை. இது வேறை ஆக்களின்ரை போன். அம்மா? ஆர் அது, ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

நகத்தால் தொலைபேசியைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். தொடர்பு அறுந்தது.

அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்ததும், பொறுக்க முடியாமல், சுவரிலிருந்த அக்காவின் திருமணப் படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பிறகு தொலைபேசியைக் காட்டினேன். என் முகத்தில் சிரிப்பும் கண்ணீரும் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் சுவரிலிருக்கும் படத்தைக் கழற்றுவது ஒரே காரணத்துக்குத்தான்: பெரிதாக்கி மாலை போட, மரண அறிவித்தலுக்குக் கொடுக்க. அந்தக் கிழமை ஹ்விடோவ்ரேயில் எத்தனையோ சுவர்களிலிருந்து படங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ என்ரை பிள்ளை" என்று அலறி அப்படியே சரிந்தார்.

நான் தலையை ஆட்டினேன், கைகளை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கதவில் மோதினார்.

கோடைகாலப் பதிவு எனக்கு நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"அக்கா உயிரோடை இருக்கிறா, அம்மா!"

அவருடைய அலறலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று கத்தினேன். துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வெளியே வந்தது. வாயில் இரத்தச் சுவை. அம்மா அலறலை நிறுத்தினார். "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன்.

தழும்பு விழுந்தது. அந்த இரண்டு வாக்கியங்களால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கருணையாகச் சொன்னாரோ தெரியாது. பதிவு தள்ளிப்போனது. குரல் சிகிச்சையாளரிடம் (பேச்சுக்கும் மூச்சுக்கும் பயிற்சி தருபவர்) போகிறேன். மேல் சுரங்கள் திரும்பவில்லை. கீழே, முன்பு எனக்கு இல்லாத ஒரு கனத்த குரல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மெத்தேயுடன் இரண்டு பாட்டுகளைத் தொடங்கியிருக்கிறேன்.

முன்பு வாயைத் திறந்தால் குரல் வந்துவிடும். மூச்சும் குரலும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். இப்போது மூச்சு முதலில் வருகிறது. தழும்பைத் தாண்டிக் குரல் வரச் சற்று நேரமாகிறது. அந்த இடைவெளி என் உடம்புக்குள் புதிதாகக் கட்டிய அறை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன் அதற்குள் நின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.

இதை எழுதும்போதும் அக்கா முள்கம்பி வேலிக்குள்தான் இருக்கிறாள். இரவல் தொலைபேசியில், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, அவசரமாக எடுப்பாள். நான் "அக்கா" என்று சொல்ல மூச்சை இழுக்கிறேன். குரல் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ அவளை விரட்டுவது எனக்குக் கேட்கிறது.

"உன்ரை மூச்சுக் கேக்குது" என்கிறாள் அக்கா. "அவசரமில்லை, நீ ஆறுதலாக் கதை."