தொட்டியா, பூவாளியா

எங்கள் வீட்டில் குளிக்காமல் யாரும் பூவைத் தொடமாட்டோம். பறிக்கிற மல்லிகை எந்தச் சாமியின் கழுத்துக்குப் போகும், எந்த மாதா கோயில் சப்பரத்துக்குப் போகும், எந்தக் கல்யாணப் பெண்ணின் தலையில் ஏறும் என்று செடிக்குள் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியல். விடிவதற்குள் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கொண்டையோடு தோட்டத்துக்குப் போய்விடுவாள். அப்பா மோட்டார்க் கிணற்றில் குழாய்க்கு அடியில் குனிந்து நின்று, பிடரியில் தண்ணீரை வாங்கிக்கொண்டு வருவார். பறித்து வந்த மொட்டைக் கொட்டி, விரிந்ததை ஒதுக்கி, எடைபோட்டு, ஈரச் சாக்கில் கட்டி, திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோவது அவர் வேலை.

போன வருஷம் வரப்பு வழுக்கி விழுந்ததில் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. திண்டுக்கல்லில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். வலது கால் மட்டும் முழுதாக மடங்காது. கிணற்றடிக்குப் போக முடியாது.

அன்றிலிருந்து அம்மாதான் அவரைக் குளிப்பாட்டினாள். பூப்பறிப்பு முடித்து, சாக்கை வண்டிக்காரரிடம் ஏற்றிவிட்டு வந்த பிறகு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுற்றி ஒரு பழைய சேலையைக் கட்டி, செம்பால் மொண்டு ஊற்றுவாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால், "செத்த நேரம் இரு புள்ள, போகட்டும்" என்பார். நான் ஊற்றுகிறேன் என்று ஒருநாள் செம்பை எடுத்தேன். "பெத்த பிள்ள குளிப்பாட்டுற வயசு எனக்கு இன்னும் வரல. வச்சிட்டுப் போ அப்பு" என்றார்.

அவர் குளித்து முடிப்பதற்குள் பூ சந்தைக்குப் போயிருக்கும். அதுதான் அவருக்குப் பெரிய வலி. கட்டிலில் உட்கார்ந்தபடி, அம்மா மொட்டைக் கொட்டுவதையும் கட்டுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த ஓரத்துல விரிஞ்சது கெடக்கு பாரு" என்று சொல்வார். கை நீட்டமாட்டார். குளிக்காத கை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். நூற்பாலை ஒன்றில் நூலின் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. வீட்டில் என்ன காகிதம் வந்தாலும் என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பொருத்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு எப்போதும் உண்டு. பின்கட்டு அறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

சுவர் எழும்பியதும் கொத்தனார் வாசலில் வந்து நின்றார். "தம்பி, தரை போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிரணும். தொட்டி வைக்கப் போறீகளா, சவர் வைக்கப் போறீகளா? தண்ணி வெளிய போறதுக்கு அதுக்குத் தக்கன வழி விடணும்."

"சவருன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"மேலருந்து பொலபொலன்னு கொட்டும்லக்கா."

"நாத்துக்கு ஊத்துற பூவாளி மாதிரியா?"

"அதேதான்னு வச்சுக்கங்க."

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: "பூவாளியில குளிச்சு நான் என்ன வேர் விடப் போறனா?"

அதோடு எங்கள் வீட்டில் சவருக்குப் பூவாளி என்று பேர் நின்றுவிட்டது.

எனக்குத் தொட்டிமேல்தான் ஆசை. அதற்குக் காரணம் உண்டு. ஆலையில் பயிற்சிக்கென்று கோயம்புத்தூர் அனுப்பியபோது, தங்கவைத்த அறையில் ஒரு வெள்ளைத் தொட்டி இருந்தது. வெந்நீரை நிரப்பிக் கழுத்துவரை படுத்தேன். உடம்பே இல்லாதது போல இருந்தது. அப்பாவின் காலுக்கு வெந்நீர் நல்லது என்று பிசியோதெரபி செய்கிறவர் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்து யோசித்தேன். அந்தத் தண்ணீரில் அப்பா காலை நீட்டிப் படுத்திருப்பதை மனசுக்குள் பலமுறை பார்த்துவிட்டேன். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புது அறையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தேன்.

"உங்களுக்கு எதுப்பா வேணும்?" என்று கேட்டபோது, "நீ பாத்துச் செய்யி" என்று மட்டும் சொன்னார்.

திண்டுக்கல்லில் தொட்டி, குழாய் விற்கிற கடையில் இருந்தவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் போல. "ஏனுங்க தம்பி, பெரியவருக்குங்களா? உள்ள உக்காந்தே பாருங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவே, காய்ந்த தொட்டிக்குள் உட்கார்ந்தேன். குழாய் வாங்க வந்த ஒரு தம்பதி என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "எந்திரிக்கறப்ப ரெண்டு கையும் ஊணிக்கோணுங்க" என்றார் கடைக்காரர். ஊன்றினேன், எழுந்தேன், சுலபமாக இருந்தது. என் இரண்டு காலும் மடங்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தொட்டி வந்த அன்று குளியலறைத் தரை இன்னும் காயவில்லை. வாசலில் தெருக்குழாய்ப் பக்கம் இறக்கி வைத்தோம். வெயிலில் அது பளபளவென்று கிடந்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை நான் ஆலைக்குப் போய்விட்டேன். அது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாள். வாரத்துக்கு ஒரு தரம் வரும், சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். குளிக்க, துவைக்க எங்களுக்குப் போர் போட்ட உப்புத் தண்ணீர் இருக்கிறது. சோறு பொங்கவும் குடிக்கவும் காவிரியை நம்பித்தான் தெருவே இருக்கிறது.

வேலை முடிந்து வந்தால், தொட்டி விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. மேலே அப்பாவின் வெள்ளை வேட்டித்துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒரு மூலையைத் தூக்கிவிட்டு, பக்கத்து வீட்டுச் சித்தி குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள்.

"ஏப்பு, நல்ல சாமானா வாங்கியிருக்க. இன்னொண்ணு வாங்கிப் போடு, தெருவுக்கே ஆகும்" என்றாள் சித்தி.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அண்டா, டிரம்மு, குடம் எல்லாம் நெறஞ்சும் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு" என்றாள் அம்மா. "இது சும்மா கெடந்துச்சு. அடைக்கிறதுக்கு மூடி வேற குடுத்துருக்கான். நல்லாக் கழுவிட்டுத்தான் பிடிச்சேன்."

"அம்மா, இது அப்பா குளிக்கிறதுக்கும்மா."

"குளிக்கட்டும், யாரு வேணாங்கிறா. இந்தத் தண்ணி தீரட்டும்."

"தீர்ந்ததுக்கு அப்புறம்?"

"தீர்ந்தா அடுத்த தண்ணி வந்துரும்ல."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிறு குலுங்கியது, இடுப்பு வலித்தது போல, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"ஏலே, ஒரு வாரச் சோத்துத் தண்ணி அதுல இருக்கு. அதுல போயி என்னையக் குண்டிய வைக்கச் சொல்றியா?"

சித்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே ஏதோ இறங்கிப்போயிற்று. சித்தி போனதும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சோத்துத் தண்ணி பிடிக்காம காலியாக் கெடந்தாலும் அதுல நீங்க குளிக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

"தண்ணின்னா மேல விழுந்து ஓடணும்ப்பு. அழுக்கும் நானும் ஒரே தண்ணியில ஊறிக் கெடந்துட்டு, அந்தக் கையால எப்படிப் பூவத் தொட?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா."

"நீ அம்புட்டு ஆசையா அளந்துக்கிட்டு இருந்த." பிறகு, வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "தொட்டியோ பூவாளியோ, எது வேணாலும் வையி. பூ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் குளிச்சிருக்கணும். யாரு கையும் படாம. அது நடந்தாப் போதும்."

அதற்குமுன் நான் கால்வலியைப் பற்றித்தான் யோசித்திருந்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். அப்பாவின் வாக்கரை வாங்கி, வலது முழங்காலை மடக்காமல் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொட்டியின் விளிம்பைத் தாண்டப் பார்த்தேன். இடது காலைத் தூக்கினால் உடம்பு முழுதும் கட்டிய கால்மேல் சாய்ந்தது. வலதைத் தூக்கினால் அது விளிம்பிலேயே முட்டியது. அம்மா, "தண்ணிக்குள்ள விழுந்துறாத" என்றாள். என்னைப் பற்றிய கவலையா, தண்ணீரைப் பற்றியதா என்று தெரியவில்லை.

தொட்டியை அம்மாவின் தண்ணீருக்கே விட்டுவிட்டேன். பிறகு அப்பாவைப் புது அறைக்குள் நாற்காலியில் உட்காரவைத்து, "கையத் தூக்குங்கப்பா" என்றேன். தூக்கினார். விரல் எட்டுகிற இடத்தில் சுவரில் கரியால் கோடு போட்டேன். எழுவதற்கு எங்கே பிடிப்பார் என்று பார்த்து இரண்டு பக்கமும் கோடு போட்டேன்.

"இன்னும் எம்புட்டு நேரம் கையத் தூக்கிட்டு இருக்க? போலீசு பிடிச்ச மாதிரி இருக்கு."

"இறக்கிக்கங்கப்பா."

கொத்தனார் கோடுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இம்புட்டுத் தாழ்வாவா சவர் வைக்க? நின்னு குளிக்கிறவுகளுக்குத் தலையில இடிக்குமே தம்பி."

"நின்னு குளிக்கிறவுக குனிஞ்சுக்குவோம்ணே."

கடப்பாக்கல்லில் இருக்கை அமைத்தார். இரண்டு பக்கமும் எவர்சில்வர் பிடிகளைச் சுவருக்குள் ஆழமாகப் பதித்தார். தொட்டிக்கென்று போட்ட தரையைக் கொத்தி, வாசற்படி இல்லாமல் அறைத் தரையோடு சமமாக இழுத்துவிட்டு, வாக்கரை உருட்டிப் பார்த்தார். வழுக்காத சொரசொரப்பு ஓடு. கையெட்டும் உயரத்தில் சவர், அதற்குக் கீழே திருகு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். விழுந்தால் உள்ளே போக வழி வேண்டும் என்று பிசியோதெரபிக்காரர் எச்சரித்திருந்தார்.

முதல் நாள் குளியலுக்கு அம்மா தோட்டத்துக்குப் போகாமல் தயங்கி நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் நான் கூட இருக்கேங்க."

"நீ போ. நேரமானா மொட்டு விரிஞ்சுரும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று தலையாட்டினேன். கூடையை எடுத்துக்கொண்டு போனாள், போகும்போது இரண்டு தரம் திரும்பினாள்.

அப்பா வாக்கரோடு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். பிறகு, டக் என்று ஒரு சத்தம்.

"அப்பா, என்ன அது?"

"தாழ்ப்பா."

"தாழ்ப்பாள் வைக்க வேணாம்னு சொல்லியிருந்தேனே."

"நான் வைக்கச் சொன்னேன். உக்காந்த வாக்குல திறக்கிற மாதிரி வச்சுக் குடுத்துருக்காரு. நீ போயி டீயக் குடி."

நான் போகவில்லை. பொலபொலவென்று தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. லேசான, தயங்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகு எதுவும் இல்லை. சோப்புப் போடுகிறார் என்று நினைத்தேன். முக்குகிற சத்தம் கேட்டது. ஏதோ உலோகம் கிரீச்சிட்டது. பிடி கழன்றுவிட்டதோ என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்.

அப்போது தண்ணீர் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை பொலபொலப்பு இல்லை. ஒரே தாரையாக, தொப்தொப்பென்று, ஓர் உடம்பின்மேல் விழுந்து தெறிக்கிற சத்தம். மோட்டார்க் குழாயின் சத்தம் என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்குச் சொந்தக்காரச் சத்தம். உள்ளே அப்பா, "ஆங்" என்று நீளமாக மூச்சு விட்டார். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியைக் கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தார். வாக்கரின் பிடியோடு சேர்த்து, பூவாளியின் மூக்கு, அதாவது அந்தச் சல்லடைத் தலை, கையில் இருந்தது.

"திருகிக் கழட்டிட்டேன். வெறுங் குழாதான் சரி" என்றார்.

அம்மா கூடையோடு வந்ததும் முதலில் அவர் தலையைத்தான் பார்த்தாள். வாசலில் சாக்கை விரித்து, அவர் நாற்காலிக்கு முன்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அதன்மேல் முறத்தை வைத்து மொட்டைக் கொட்டினாள். அப்பா அந்தச் சல்லடைத் தலையை அவளிடம் நீட்டினார்.

"இந்தா, நம்ம பூவாளி மூக்கு ஒடஞ்சு கெடக்குல்ல. பொருந்துதான்னு பாரு."

பிறகு குனிந்து, இரண்டு கையையும் மல்லிகைக்குள் விட்டார். விரிந்த பூ ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏலே, அங்க என்ன பாக்குற? தராசை எடு. வண்டி வந்துரும்."