மருதாணி வைத்த பாவம்

ஒன்பது வயதில் நான் உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாளும் அப்படித்தான், மருதாணியை அரைத்து வைத்துக்கொண்டு சித்தியைப் பிடுங்கியெடுத்தேன். சித்தி அம்மாவின் தங்கை. சுந்தரபாண்டியத்தில் எங்களோடுதான் இருந்தாள். ராஜபாளையம் பக்கம் ஒரு கோழிக்கறி கம்பெனியில், முழுக் கோழியைத் துண்டு போடும் மிசினில் அவளுக்கு வேலை. தேரன்றைக்கும் லீவு கிடையாது.

மறுநாள் காலையில் சித்தியின் கையைப் பார்த்தால், ஆத்தாடி, அப்படி ஒரு சிவப்பு! எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி வேன் வருகிற வரைக்கும் அவள் பின்னாலேயே ஓடினேன்.

"சித்தி, கிளவுஸைக் கழட்டி எல்லாருக்கும் காட்டணும். நான் வச்சதுன்னு சொல்லணும். சத்தியம் பண்ணு."

சிரித்துக்கொண்டே என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

அன்றைக்கு நாங்கள் தேர் பார்க்கப் போகவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் மிசின் கத்தி சித்தியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது.

யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்குத்தான் தெரியுமே! சத்தியத்துக்காகக் கிளவுஸைக் கழற்றியிருக்கிறாள், கத்தி பிடித்துக்கொண்டது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கடித்துத் துப்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி வந்த அன்றைக்கே அழுதுகொண்டு கேட்டுவிட்டேன்.

"கூறுகெட்டவளே, ஒன் மருதாணி என்னட்டி பண்ணுச்சு? கிளவுஸ் கையிலதான் இருந்துச்சு. கத்திக்கு மேல ஒரு மூடி உண்டு. அதுல கொழுப்பு அடைச்சு வேலை நிக்குதுன்னு சூப்பர்வைசரு கழட்டிப் போட்டுட்டாரு. அதான் கதை."

நான் நம்பவில்லை. நான் தண்ணீர்ப்பானையை உடைத்தபோது பூனை தள்ளிவிட்டது என்று அம்மாவிடம் கூசாமல் சொன்னவள் அவள். எனக்காக என்ன பொய்யும் சொல்வாள்.

விசாரிக்க ஆள் வரும், சித்தி மேல் தப்பு என்று எழுதிவிட்டால் நஷ்டஈடு ஒற்றைப் பைசா வராது, இனி இந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பிழைப்பாள் என்று அம்மா அப்பாவிடம் புலம்பினாள். அதில் 'தப்பு' என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. தப்பு என்னுடையது. அதைச் சொல்லிவிட்டால் சித்தி தப்பித்துவிடுவாள்.

பத்து நாள் கழித்து ஓர் அதிகாரியும் கம்பெனி மானேஜரும் வந்தார்கள். சித்தி மூடியைப் பற்றிச் சொன்னாள்.

"மூடியெல்லாம் இருந்துச்சு சார். இவுங்கதான் கிளவுஸைக் கழட்டிட்டாங்க," என்றார் மானேஜர்.

"என்னத்துக்கு சார் நான் கழட்டணும்?" என்று சித்தி கேட்டாள்.

அவருக்குப் பதில் இல்லை. எனக்கு இருந்தது.

"நான்தான் சார் கழட்டச் சொன்னேன்! மருதாணியை எல்லாருக்கும் காட்டச் சொல்லி சத்தியம் வாங்குனேன். சித்தி மேல தப்பே இல்ல, எல்லாம் நான்தான்!"

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதிகாரி, "சத்தியம் பண்ணது உண்டாம்மா?" என்று சித்தியைப் பார்த்தார்.

"வெளையாட்டுக்குப் பண்ணேன் சார். கழட்டலை. அவ சின்னப்பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்?"

"பிள்ளை பொய் சொல்லுமா?" என்றார் மானேஜர். அதிகாரி தலையைக் குனிந்து எழுதினார், நிறைய எழுதினார். போகும்போது மானேஜர் என் கன்னத்தைத் தட்டி, நல்ல பிள்ளை என்றார்.

சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சித்தியைக் காப்பாற்றியாகிவிட்டதே, பிறகும் ஏன் ஒருவரும் சாப்பிட வரவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.