முதல் பெல்யுமேரைத் தேடி: வில்லரேயிலிருந்து புவாந்த்-ஓ-திராம்பிள் வரை

2007 மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலையில் மாமா ரெலிபோன் எடுத்தார். மாமா என்றால் என் கணவர் ஜீலின் அப்பா, ரெய்மோன் பெல்யுமேர். எழுபத்தொரு வயது. மொன்றியலில் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெல்யுமேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கலகலப்பான மனம் என்று பொருள். மாமாவைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். வழக்கமாக "ஜீல் நிக்கிறானோ?" என்று மட்டும் கேட்பவர், அன்று என்னோடு கதைக்க வேண்டும் என்றார்.

ஜூலையில் பெல்யுமேர் குடும்பத்தார் எல்லோரும் ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்கு மாமா ஒரு மரப்பலகை செய்விக்கிறார். பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த முதல் பெல்யுமேர் தொடங்கி இன்றுவரை பெயர்களைச் செதுக்க வேண்டும். முதல் ஆள் நோர்மண்டியிலிருந்து வந்த இராணுவ அதிகாரி என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாது. "பழைய கோவில் பதிவேடுகள் இப்ப இன்ரநெற்றில இருக்காம். நீதானே கொம்பியூட்டர் பாவிக்கிறனீ. மே கடைசிக்குள்ள வேணும்." (மாமாவும் இங்கத்தைய மற்ற ஆக்களும் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில். எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நான் மட்டக்களப்பில் பிறந்த கத்தோலிக்கப் பெண். 1996இல் ஜீலும் நானும் கோவிலில் கலியாணம் செய்ய என் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். சண்டைக் காலம். எங்கள் பங்குக் கோவிலுக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது, போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் என்னைச் சிறுவயதில் தெரிந்த இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள், இங்கத்தைய கோவில் பாதிரியாரான சுவாமி ஏற்றுக்கொண்டார். கலியாணச் சாப்பாட்டு மேசையில் மாமா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பதிவேடே இல்லாத ஆக்களை எப்பிடி நம்பிறது?" பதினொரு வருடத்தில் அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் மறந்ததும் இல்லை.

இனி தேடிய விதம். நான் மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை வேலை. இரண்டரைக்கு வீடு வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். அந்த நேரத்தில்தான் தேடினேன். பதிவேடுகளின் படங்களைக் காட்டும் ஒரு தளத்துக்கு மாதச் சந்தா கட்டினேன். இரண்டு மாதம் போதும், வருடச் சந்தா கட்டாதீர்கள்.

ஞானஸ்நானத்தில் தொடங்காமல் கலியாணத்தில் தொடங்குங்கள். கியூபெக்கின் கத்தோலிக்கக் கலியாணப் பதிவில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன், பெண்ணின் தாய் தகப்பன், எல்லோருடைய பெயரும் இருக்கும். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடேயே இருப்பார்கள். ஆகவே ஒரு கலியாணத்திலிருந்து அதற்கு முந்தின கலியாணத்துக்கு ஏணிப்படி போல ஏறலாம். இன்னொன்று: பழைய பதிவுகளில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர் இருக்கும், நடுவில் "தீ" என்றொரு சொல் வரும். "என்று அழைக்கப்படுகிற" என்பது அர்த்தம். படைவீரர்களுக்கு வைத்த பட்டப்பெயர்கள் அப்படித்தான் பரம்பரைப் பெயராகின. ஒரு பெயரில் ஆள் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

ஆறு கலியாணம் சுலபமாக ஏறினேன். ஏழாவது புவாந்த்-ஓ-திராம்பிளில், மொன்றியல் தீவின் கிழக்கு முனையில், பதினெட்டாம் நூற்றாண்டில். மாப்பிள்ளை பியேர் பெல்யுமேர். தாய் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய வரியில் பெரிய மைக்கறை. முன்னும் பின்னும் இரண்டு எழுத்துத்தான் தெரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் ஒரு கிழமை போயிற்று. சோறு அடிப்பிடித்தது. வேலைக்குப் போகும்போது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனேன்.

அந்தக் காலத்தில் சுவாமிமார் ஒவ்வொரு பதிவையும் இரண்டு பிரதி எழுதினார்கள். ஒன்று கோவிலுக்கு, மற்றது நீதிமன்றத்துக்கு. இணையத்தில் நான் பார்த்தது ஒரு பிரதி. மற்றதை நகர மையத்திலுள்ள ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம் என்று தெரிந்தது. மே முதலாம் திகதி, செவ்வாய், லீவு எடுத்தேன். ஜாரி மெற்றோவில் 9.05க்கு ஏறி, ஷான்-த-மார்ஸில் 9.20க்கு இறங்கினேன். ஒரே பாதை, மாறத் தேவையில்லை. கட்டணம் இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். காப்பகத்துக்கு நடந்து ஐந்து நிமிடம். உள்ளே போகக் காசில்லை. பையை லொக்கரில் வைக்க வேண்டும், பென்சில் மட்டும் கொண்டு போகலாம்.

நுண்படச் சுருளை எடுத்துத் தந்த அலுவலர் ஐம்பது வயதுப் பெண். இயந்திரத்தில் மாட்டி உருட்டக் காட்டித் தந்தார். 10.40க்கு அந்தப் பக்கம் வந்தது. கறை இல்லை. எழுத்துப் புரியாமல் அவரையே கூப்பிட்டேன். குனிந்து வாசித்தார்.

"பியேர் பெல்யுமேர், அறியப்படாத தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்."

"அறியப்படாத எண்டால்?"

"கண்டெடுத்த பிள்ளை எண்டு அர்த்தம். பெத்தவை ஆரெண்டு எழுதேல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்கட ஆக்களோ?" என்று கேட்டார்.

"என்ர மாமாவின்ர."

"வெக்கப்பட ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. கிழமைக்கு ஒருத்தராவது இந்தக் கதிரையில இருந்து இதே மாதிரி முழிக்கினம்."

அந்தப் பிரதியில் இன்னொரு வரியும் இருந்தது. மரி-ழோசெஃப் என்ற குடியானவப் பெண், "மாப்பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தவள்", கலியாணத்துக்கு வந்திருந்தாள், கையெழுத்துப் போடத் தெரியாது என்றாள். பியேர் எந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றவன் என்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் அதையும் எடுத்தேன். மொன்றியல். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் பிறந்த குழந்தை, பெற்றோர் அறியப்படாதவர், ஞானத்தகப்பன் பெல்யுமேர் என்ற பட்டப்பெயருள்ள சாதாரணப் படைவீரன். அதிகாரியும் இல்லை, நோர்மண்டியும் இல்லை. பெயர்கூட ஞானத்தகப்பனிடம் வாங்கியது.

நான் முதலில் உணர்ந்தது பரிதாபம் அல்ல. சந்தோஷம். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மாமாவுக்குச் சொல்லவில்லை. ஜீலுக்கும் சொல்லவில்லை. இரண்டு பதிவின் நகலையும் கடிதவுறையில் போட்டு ஒட்டி, ஜூலையில் கூட்டத்துக்கு நடுவில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன். ஜாரி பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிள்ளைகள் கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் புஷ்பா அக்காவிடம் மட்டும் வாய் திறந்தேன். யாழ்ப்பாணத்து ஆள், சுற்றி வளைத்துக் கதைக்க மாட்டார்.

"கிடைக்கேல்லை எண்டு விடும் ரெஜினா. உமக்கேன் தேவையில்லாத வேலை?"

"அவர் எல்லாருக்கும் முன்னால வாசிக்கட்டும் அக்கா. அண்டைக்கு எனக்குச் சொன்னவர்தானே."

அக்கா ஒரு குழந்தையின் சப்பாத்தைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நீர் பேப்பர் தேடேல்லை. அடிக்கிறதுக்குத் தடி தேடினனீர்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அக்காவோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து, முதல் ஆளின் கலியாணம் நடந்த ஊர் தெரிந்துவிட்டது, போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன்.

மே பன்னிரண்டு, சனி. நான் ஜாரியில் 8.40க்கு ஏறி, பெரி-யூகாமில் பச்சைப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான ஓனொரே-போகிரானுக்கு 9.25க்குப் போனேன். மாமா கழுத்துப் பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து 189ஆம் இலக்க பஸ். மெற்றோவில் எடுத்த மாறுதல் சீட்டே செல்லும். எட்டு கிலோமீற்றர் அளவு, அரை மணித்தியாலம். வலது பக்கம் இருங்கள், இடைக்கிடை ஆறு தெரியும். இடது பக்கம் எண்ணெய் ஆலைகளின் தாங்கிகள்தான், மணமும் வரும்.

மாமா சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் காலால் தரையை மிதித்து பிரேக் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு சந்தியில், "பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறாய் பிள்ளை," என்றார்.

சாரதி இளம் பெண். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, இண்டைக்கு ஆர் ஓட்டிறது, நீங்களோ நானோ?"

மாமாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கைப்பைக்குள் அந்தக் கடிதவுறை.

கோவில் பூட்டியிருந்தது. சனிக்கிழமையில் பின்னேரப் பூசைக்குத்தான் திறப்பார்கள், பங்கு அலுவலகமும் பூட்டு. பழைய கோவில் எரிந்து இது பிறகு கட்டியது என்று ஒரு பலகையில் இருந்தது. கிழக்காகக் கொஞ்சம் நடந்தால் பழைய கல் காற்றாலை ஒன்று நிற்கிறது, அதற்குக் கீழே ஆறு. பனிக்கட்டி கரைந்து தண்ணீர் மண்ணிறமாக வேகமாக ஓடியது. அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். மணி 10.35.

"மாமா, இதை வாசியுங்கோ."

பதிவின் நகலுக்குக் கீழே தெளிவான எழுத்தில் நான் பெயர்த்து எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டார். அவருடைய முகம் மாறுவதைப் பார்க்கத்தான் பதினொரு நாள் அதை வைத்திருந்தேன். நேரம் வந்தபோது பார்க்க முடியவில்லை. ஆற்றில் போன சரக்குக் கப்பலைப் பார்த்தேன்.

இரண்டு தரம் வாசித்தார். "இது எப்ப கிடைச்சது?"

"பதினொரு நாளாச்சு."

"ஏன் சொல்லேல்லை?"

"ஜூலையில எல்லாருக்கும் முன்னால தருவம் எண்டு நினைச்சன்."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அந்தக் கலியாணச் சாப்பாட்டுக் கதைக்கோ?"

"ஓம்."

எழும்பித் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். கடதாசியைக் கிழித்து ஆற்றில் எறிந்துவிடுவார் என்றே நினைத்தேன். வந்து இருந்து, மரி-ழோசெஃப் என்ற பெயரில் விரலை வைத்தார். "இந்தப் பொம்பிளைக்குப் பிள்ளை வளர்க்கக் காசு குடுத்திருப்பினம்."

"குழந்தையா இருக்கேக்க குடுத்திருப்பினம். வளர்ந்த பிறகு கலியாணத்துக்கு வந்து பக்கத்தில நிண்டதுக்கு ஒருத்தரும் குடுத்திருக்க மாட்டினம்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் காலால் பிரேக் போடவில்லை. பாதி வழியில் கேட்டார்: "உன்ர ஞானஸ்நானப் பேப்பர் பிறகு வந்ததோ?"

"இல்லை மாமா. பதிவேடு எரிஞ்சு போச்சாம்."

"அப்ப அந்த ரெண்டு பேர் சொன்னதுதான்."

"ஓம்."

"அது காணும், வேறொண்டும் தேவையில்லை," என்றார். வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூலையில் பலகை வந்தது. முதல் வரி: பியேர், பெற்றோர் அறியப்படாதவர், மரி-ழோசெஃப் வளர்த்தவர். மாமாவே எழும்பி நின்று பதிவை வாசித்தார். சிலர் கைதட்டினார்கள். அவருடைய தங்கை தெரேஸ் மாமி தட்டவில்லை. "எங்கட அப்பாவைப் பொய்யனாக்கிப் போட்டாய்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, குழுப் படத்துக்கும் நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். மாமா அன்று பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

தேடப் போகிறவர்களுக்கு: தளத்தின் பெயர்ப் பட்டியலில் உள்ளதை நம்பாதீர்கள், பதிவேட்டின் படத்தைத் திறந்து பாருங்கள். கறை இருந்தால் மற்றப் பிரதியைத் தேடுங்கள். ஊருக்குப் போவதென்றால் சனிக்கிழமையைத் தவிருங்கள். தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போங்கள், ஆற்றோரத்தில் கடை இல்லை. எல்லாவற்றையும் விட, யாருடைய முன்னோரைத் தேடுகிறீர்களோ அவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தேடுங்கள். கிடைத்ததை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கையில் வைத்திருந்த பதினொரு நாளில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன சனிக்கிழமை மாமாவும் நானும் தெரேஸ் மாமி வீட்டுக்குப் போனோம். புரோசார்ட்டில் இருக்கிறார். பொனவென்சரிலிருந்து ஆற்றைக் கடக்கும் பஸ், இருபத்தைந்து நிமிடம், தனிக் கட்டணம். இறங்கிப் பத்து நிமிட நடை. வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. மணி அடித்தோம். கதவைத் திறந்த மாமி என் கையிலிருந்த, பியேரின் ஞானஸ்நானப் பிரதியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

படியில் நின்றோம். மாமா தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "போவமோ?" என்று நான் கேட்டேன். "கொஞ்சம் பொறு," என்றார்.

பத்து நிமிடம் இருக்கும், கதவு திறந்தது. தெரேஸ் மாமி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"இதில முதல் நாள் பிறந்தது எண்டு கிடக்கு," என்றார் மாமாவிடம். "ஒரு நாள் பிள்ளையையோ விட்டிட்டுப் போனவை?"

"ஓம்," என்றார் மாமா.

மாமி உள்ளே வரச் சொல்லவில்லை. ஆனால் திரும்பிக் குசினிக்குள் போனபோது கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார்.